டீ குடிக்கப் போகும் ஐந்து நிமிடம் உங்கள் ரைஃபிள் யார் பொறுப்பில்?

கேள்வி: ஐயா, நான் மேலூர் பக்கம். விவசாயமும் உரக்கடையும் பார்க்கிறேன், வயது 39. பாயிண்ட் 22 ரைஃபிளுக்கு லைசன்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிறு தோறும் மதுரைக்கு வந்து ரேஞ்சில் சுடுகிறேன். போன வாரம் டார்கெட் பேப்பர் மாற்ற 50 மீட்டர் நடந்து போய்த் திரும்பினால், முன்பின் தெரியாத ஒருவர் என் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு ‘சும்மாதான் பார்த்தேன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதுவும் காணாமல் போகவில்லை, ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. கிளப்பில் சொன்னால் ‘இங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான்’ என்கிறார்கள். ஊருக்குத் திரும்பும்போது ஒத்தக்கடையில் டிபன் சாப்பிட்டு, வீட்டுச் சாமானும் வாங்கிக்கொண்டு போவது வழக்கம். அதுவரை ரைஃபிள் கார் டிக்கியில்தான் இருக்கும். நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா? எப்படிப் பாதுகாப்பது?

பதில்: தம்பி, அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வராததில் தப்பே இல்லை. ஒன்றும் போகவில்லையே என்று விட்டுவிடாமல் எழுதிக் கேட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் போலீஸ் ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது வாரக்கடைசியில் ரேஞ்ச் ஆபீசராக, சுடுவதைக் கண்காணித்துக் கட்டளை சொல்பவராக நிற்கிறேன். துப்பாக்கியை ரிப்பேர் பார்த்ததைவிட அதை எண்ணிப் பார்த்ததுதான் என் சர்வீசில் அதிகம். காலையில் ஒரு எண்ணிக்கை, ட்யூட்டி மாறும்போது ஒன்று, ராத்திரி பூட்டும்போது ஒன்று. ஸ்டேஷனில் ஆயுத அறையை ‘பெல் ஆஃப் ஆர்ம்ஸ்’ என்போம். ரைஃபிள்கள் ரேக்கில் வரிசையாக நிற்கும், அத்தனையின் ட்ரிகர் கார்டு (விசையைச் சுற்றியிருக்கும் வளையம்) வழியாகவும் ஒரே சங்கிலி ஓடும், சங்கிலி முனையில் பூட்டு. வெளியே ஆள் காவல் நிற்கும்போது உள்ளே சங்கிலி எதற்கு என்று புதிதாக வந்த பையன்கள் கேட்பார்கள். காவல் நிற்பவருக்கும் தாகம் எடுக்கும், போன் வரும், கண் அசரும். அவர் அசந்த நேரத்துக்குத்தான் அந்தச் சங்கிலி.

ரேஞ்சுக்கும் இதே கணக்குதான். நான் பார்த்தவரை, சுட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் யார் கையிலிருந்தும் துப்பாக்கியைப் பிடுங்கியதில்லை. சிக்கலெல்லாம் நடுவில் வரும் சின்னச் சின்ன நேரங்களில் இருக்கிறது. டார்கெட் மாற்றப் போகிற நேரம், பாத்ரூம், டீ, செயலாளரிடம் சந்தா கட்டப் போகிற நேரம், ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு நாலு பேரோடு ஸ்கோரைப் பற்றிப் பேசுகிற நேரம், அப்புறம் வீடு போய்ச் சேரும் வரைக்கும் இருக்கிற அந்த ஒரு மணி நேரம். உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு சம்பவமும் இந்த வகைதான்.

முதலில் ‘கொஞ்சம் பாத்துக்கங்க’ என்ற வார்த்தையைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் பாதித் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பக்கத்து லேனில், அதாவது அடுத்த சுடும் இடத்தில் இருப்பவரைப் பார்த்து, அல்லது யாரையும் குறிப்பாகப் பார்க்காமலேயே, ‘அண்ணே கொஞ்சம் பாத்துக்கங்க’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறோம். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே தலையாட்டுகிறார், அவருக்குக் காதில் விழுந்ததா என்றுகூட நமக்குத் தெரியாது, காதில்தான் அடைப்பான் இருக்கிறதே. இரண்டு நிமிடத்தில் அவரும் எழுந்து போகிறார். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் வெளியே கொடுத்துவிட்டுப் போகிறோம், அதற்கு டோக்கன் வாங்காமல் நகர்கிறோமா? செருப்புக்குக்கூட டோக்கன் வாங்குகிறோம். லைசன்ஸில் நம்பர் ஏறியிருக்கும் ரைஃபிளை மட்டும் ஒரு தலையாட்டலை நம்பி விட்டுவிட்டுப் போகிறோம்.

அதனால் ஒருவரிடம் ஒப்படைப்பதாக இருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் உங்கள் பக்கம் திரும்பட்டும், வாய் திறந்து ‘சரி’ என்று சொல்லட்டும், நீங்கள் திரும்பி வந்ததும் ‘வந்துட்டேன்’ என்று சொல்லி அவரை விடுவியுங்கள். அவர் ரேஞ்ச் ஆபீசராகவோ லைசன்ஸ் உள்ள உறுப்பினராகவோ இருக்க வேண்டும். கூட வந்த மச்சானோ டிரைவரோ அதற்குச் சரிப்பட மாட்டார், அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் சரி. ஏதாவது நடந்தால் கேள்வி லைசன்ஸில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் வரும். நிபந்தனையை மீறியதாக ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 30-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசன்ஸை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அதிகாரிக்கு 17-வது பிரிவு இடம் கொடுக்கிறது. உங்களைப் போல ஆசையாகச் சுடுகிறவருக்கு அந்தக் கடைசி விஷயம்தான் பெரிய அடி.

இப்போது டார்கெட் மாற்றும் நேரம். ஆட்கள் முன்னால் போயிருக்கும்போது பின்னால் இருப்பவர் யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்பது எல்லா ரேஞ்சிலும் உள்ள விதி. ஆக, நீங்கள் துப்பாக்கியை விட்டு விலகியே ஆக வேண்டிய நேரம் அது. அதற்கு ஒரு நல்ல வழி உங்கள் ரைஃபிளுக்குள்ளேயே இருக்கிறது. பாயிண்ட் 22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் போல்டை, அதாவது கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை உள்ளே ஏற்றும் உருளையை, முழுதாக வெளியே உருவிவிடலாம், இரண்டு மூன்று விநாடி வேலை. ரேஞ்ச் ஆபீசர் ‘ஸ்டாப், அன்லோட்’ சொன்னதும் சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் இடம்) காலி செய்து, காலிதான் என்று பார்த்து, போல்டை உருவி ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடியைச் சேம்பரில் செருகுங்கள். இதெல்லாம் ரேஞ்ச் ஆபீசர் ‘முன்னால் போகலாம்’ என்று சொல்வதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், சொன்ன பிறகு கையே வைக்காதீர்கள். போல்ட் இல்லாத ரைஃபிளை எவனாவது தூக்கிக்கொண்டு ஓடினாலும் அது அவனுக்கு உடனே உதவாது. ஒரு எச்சரிக்கை: போல்ட் அந்தந்த ரைஃபிளுக்குப் பொருத்திச் சரிபார்த்துக் கொடுக்கப்பட்டது, அடுத்தவர் போல்டோடு மாறிப்போனால் ஆபத்து. அதனால் பையில் உங்கள் அடையாளம் ஒன்று இருக்கட்டும். என் வீட்டில் மகள் மஞ்சள் நூலில் ஒரு பூத்தையல் போட்டுக் கொடுத்தாள், அதுதான் எனக்கு அடையாளம்.

மாறிப்போவது என்றதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. சில வருடம் முன்பு ஒரு போட்டிக்கு நான் பயிற்சி கொடுத்த பையனைக் கூட்டிப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்தால் அவன் பெட்டியைக் காணோம். சுவரோரம் ஒரே மாதிரி கறுப்புப் பெட்டிகள் இருபதுக்கு மேல் அடுக்கியிருந்தன, எல்லாவற்றையும் திறந்து பார்த்தோம். பையன் முகம் வெளுத்துவிட்டது, எனக்கு நெஞ்சு அடித்த அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து, வேறு ஊர்க்காரர் ஒருவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பெட்டியின் எடை வித்தியாசமாக இருப்பதைக் கவனித்துத் திரும்பிக் கொண்டுவந்தார். அவர் மேல் தப்பில்லை, பெட்டி ஒரே மாதிரிதான் இருந்தது. தப்பு என்னுடையது: பூட்டும் இல்லை, பெயர்ச்சீட்டும் இல்லை, ‘அங்கே வைச்சுட்டு வா, ஒண்ணும் ஆகாது’ என்று அவனிடம் சொன்னவன் நான்தான். அன்று முதல் என்னிடம் பயிற்சிக்கு வருகிற யாராக இருந்தாலும் பெட்டியின் கைப்பிடியில் ஒரு கலர்த் துணி கட்டாமல் உள்ளே விடுவதில்லை. பெயரும் போன் நம்பரும் பெட்டிக்கு உள்பக்கம் இருக்கட்டும். வெளியே கம்பெனி ஸ்டிக்கர், துப்பாக்கிப் படம் எதுவும் வேண்டாம், உரித்துவிடுங்கள்.

அடுத்தது பூட்டு. திண்டுக்கல் நமக்கு ஒன்றரை மணி நேரப் பயணம், அந்த ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. பெரிய கடைகளில் அலைய வேண்டாம், நல்ல லீவர் பூட்டு இரண்டு வாங்குங்கள். இரண்டு எதற்கு என்றால், பெட்டியில் பூட்டு மாட்ட இரண்டு துளை இருக்கும், ஒன்றில் மட்டும் மாட்டினால் பிளாஸ்டிக் பெட்டியின் மறுமூலையை நெம்பிக் கையை உள்ளே விட்டுவிடலாம். டி.எஸ்.ஏ. என்று போட்ட பயணப்பெட்டிப் பூட்டு வேண்டவே வேண்டாம். விமான நிலையத்தில் பொதுச் சாவியால் திறந்து சோதிப்பதற்காகச் செய்யப்பட்ட பூட்டு அது, அந்தச் சாவிகளின் வடிவம் 2015-லேயே இணையத்தில் வெளியாகிவிட்டது.

பெட்டியைப் பூட்டினால் மட்டும் போதாது, பெட்டியையே தூக்கிக்கொண்டு போகலாமே. ரயிலில் சீட்டுக்கு அடியில் சூட்கேஸைச் சங்கிலி போட்டுக் கட்டுகிறோம் அல்லவா, அதே பழக்கத்தை இங்கேயும் கொண்டுவாருங்கள். பெஞ்சின் கால் தரையில் பதித்ததா என்று பாருங்கள், நகர்த்துகிற பெஞ்சாக இருந்தால் அதில் கட்டிப் பிரயோசனமில்லை. சுடும் மேடைக்குப் பின்சுவரில் லேனுக்கு ஒரு இரும்பு வளையம் கான்கிரீட்டில் பதிக்கச் சொல்லி கிளப்பிடம் கேளுங்கள். ஒரு கொத்தனாரும் வெல்டரும் அரை நாளில் முடித்துவிடுவார்கள். சங்கிலியை அறுக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கட்டர் வைத்திருப்பவன் அறுப்பான், ஆனால் ரேஞ்சுக்குள் கட்டரோடு வந்து நாலு பேர் முன்னால் அறுக்கிறவன் யார்? போகிற போக்கில் தூக்குகிறவனைத் தடுத்தால் போதும்.

ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் சுடுபவர்களும் இதைப் படிப்பீர்கள். பாயிண்ட் 177 அளவுக்குள்ளும் 20 ஜூல் சக்திக்குள்ளும் இருந்தால் லைசன்ஸ் தேவையில்லை என்பதற்காக அசட்டையாக இருக்காதீர்கள். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பொருள் என்பது ஒரு பக்கம். ஏர் பிஸ்டலைக் காட்டி ஒரு நகைக்கடைக்காரரை மிரட்டினால் அவருக்கு அது நிஜத்துப்பாக்கியாகத்தான் தெரியும், அதை நினைத்துப் பாருங்கள். இதில் உருவப் போல்ட் கிடையாது, அதனால் ஏர் சிலிண்டரைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திறந்த அந்த மனிதர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் உண்மையிலேயே வேடிக்கை பார்க்க வந்தவராக இருக்கலாம், பையனைச் சேர்த்துவிட விசாரிக்க வந்த அப்பாவாகவும் இருக்கலாம். அவரைத் திருடன் என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவர் சுடும் மேடை வரை யாரும் கேட்காமல் வர முடிந்தது, நீங்கள் பூட்டாத பெட்டியைத் திறக்கவும் முடிந்தது, இந்த இரண்டும் சரிசெய்ய வேண்டியவை. ‘வணக்கம், யாரைப் பார்க்க வந்தீங்க?’ என்று மரியாதையாகக் கேட்பது ரேஞ்சில் இருக்கும் ஒவ்வொருவர் வேலையும்தான். நல்ல மனிதர் அதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். வருபவர்களுக்கு வாசலில் ஒரு நோட்டில் பெயர், போன் நம்பர், வந்த நேரம், உட்காருவதற்குக் கயிற்றுக்குப் பின்னால் நாற்காலி. இவ்வளவுதான் கேட்கிறோம். ‘எல்லாரும் நம்ம ஆளுங்கதான்’ என்று சொன்னவரிடம் சண்டை போடாதீர்கள், அந்த மனிதர் பெயர் என்ன என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று, போட்டோ. வருகிறவர்கள் ‘ஒரு தடவை கையில் பிடித்துப் படம் எடுத்துக்கிறேன்’ என்பார்கள். கொடுக்காதீர்கள். நீங்களும் ரேஞ்சில் இருக்கும்போதே ஸ்டேட்டஸ் போடாதீர்கள். துப்பாக்கி உங்களிடம் இருக்கிறது, ஞாயிறு காலை வீட்டில் நீங்கள் இல்லை, இத்தனை மணிக்கு இந்த ரோட்டில் திரும்புவீர்கள் என்று ஊருக்கே சொல்கிற மாதிரி அது. கிளப் பெயர் போட்ட டீ ஷர்ட்டை உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம்.

தோட்டாவைக் கண்டிப்பாக எண்ணுங்கள். பாயிண்ட் 22 பெட்டியில் 50 இருக்கும். சின்னத் தோட்டா என்று பலர் அலட்சியமாக இருக்கிறார்கள், பல கம்பெனிப் பெட்டிகளில் ஒன்றரை மைல் வரை அபாயம் என்று எச்சரிக்கையே அச்சடித்திருக்கும். எத்தனை கொண்டுபோனோம், எத்தனை சுட்டோம், வெடிக்காதது எத்தனை, மீதி எத்தனை என்று ஒரு பாக்கெட் நோட்டில் கிளம்பும் முன் எழுதிவிடுங்கள். தோட்டாவும் ரைஃபிளும் ஒரே பெட்டியில் போகக் கூடாது.

சரி, ஒத்தக்கடை. தம்பி, அந்தப் பழக்கத்தை நீங்கள் விட்டுத்தான் ஆக வேண்டும், இதில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். ரேஞ்ச் வாசலில் நாலு பேர் பார்க்க டிக்கியில் பெட்டியை வைக்கிறீர்கள், பின்னாலேயே ஒரு பைக் வந்தால் மாட்டுத்தாவணி நெரிசலில் உங்களுக்குத் தெரியவா போகிறது? யானைமலை நிழலில் காரை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் உள்ளே உட்காருகிறீர்கள். கார்க் கண்ணாடியை உடைத்தால் டிக்கிக்குப் பின்சீட்டைச் சாய்த்தே போய்விடலாம், சாவியே தேவையில்லை. எனவே ரேஞ்சிலிருந்து நேராக வீடு, ரைஃபிளைப் பூட்டி வைத்துவிட்டு அப்புறம் குடும்பத்தோடு வெளியே வாருங்கள். பசி தாங்காது என்றால் காலையில் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். ரேஞ்சுக்குப் போகும்போதும் சாமான் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், முதலில் ரேஞ்ச், கடைவீதி இன்னொரு நாள். பெட்ரோல் போட நின்றால் காரை விட்டு இறங்கி நகராதீர்கள். டிக்கியில் பெட்டியை அப்படியே வைக்காமல், கார் பாடியோடு சேர்ந்த இரும்பு வளையத்திலோ பின்சீட்டின் அடிக்கம்பியிலோ சங்கிலி போட்டு, மேலே ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்துங்கள். போல்ட் அப்போதும் உங்கள் பாக்கெட்டில்தான். ஏர் ரைஃபிள்காரர்களுக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு: 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்த சிலிண்டரை மதுரைச் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விடுவது நல்லதல்ல.

வீட்டில் எங்கே வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பீரோவில் என்றால், சாவி பீரோ மேல் துணிக்கு அடியிலா? திருட வருகிறவன் முதலில் கையை விடுகிற இடம் அது. ரைஃபிள் ஒரு பூட்டில், போல்டும் தோட்டாவும் வேறொரு அறையில் வேறொரு பூட்டில். உங்கள் பக்கம் காட்டுப்பன்றிக்காக ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் வைத்திருக்கும் பெரியவர்கள் நிறையப் பேர். நடுவில் மடக்கித் திறக்கும் துப்பாக்கியில் குழலுக்கு அடியிலிருக்கும் முன்கட்டை தனியாகக் கழன்று வரும், பிறகு குழலும் தனியாக வந்துவிடும். முன்கட்டை, குழல், மீதியிருக்கும் பிடி மூன்றையும் ஒரே இடத்தில் வைக்காமல் இருந்தால் நல்லது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் காணாமல் போய்விட்டால்? இதைச் சொல்லாமல் விட முடியாது. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள், காரணம் வெட்கம். ‘நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும், முதலில் நாமே தேடிப் பார்ப்போம்’ என்று ஒரு நாள், இரண்டு நாள் தள்ளுகிறார்கள். அந்த இரண்டு நாளில் அந்தத் துப்பாக்கி எங்கேயோ போய், யார் கையிலோ இருக்கும், அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. திருட்டு, தொலைவு எதுவானாலும் தாமதமில்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உங்கள் லைசன்ஸ் நிபந்தனையிலேயே இருக்கிறது. ரேஞ்சில் நடந்தால் உடனே ரேஞ்ச் ஆபீசரிடம் சொல்லிச் சுடுவதை நிறுத்தச் சொல்லுங்கள், எல்லாப் பெட்டியும் எண்ணப்படட்டும், பெஞ்சையும் உடைந்த பூட்டையும் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரேகை இருக்கும். பத்து நிமிடத்தில் கிடைக்கவில்லை என்றால் 112-க்கு அழையுங்கள். என் கதையில் நான் இரண்டு மணி நேரம் அழைக்காமல் இருந்தேன், அது தப்பு, நீங்கள் அதைச் செய்யாதீர்கள். மாறிப்போன பெட்டி திரும்பி வந்துவிட்டால் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

புகாரில் ரைஃபிளின் கம்பெனி, மாடல், நம்பர், லைசன்ஸின் யு.ஐ.என். என்ற தனி அடையாள எண், கூடப் போன தோட்டா எத்தனை, இவை இருக்க வேண்டும். இதற்காகவே ரைஃபிள் நம்பரையும் லைசன்ஸின் எல்லாப் பக்கத்தையும் இன்றைக்கே படம் எடுத்து வீட்டில் ஒரு பிரதி வைத்துவிடுங்கள், பெட்டியோடு லைசன்ஸ் புத்தகமும் போய்விட்டால் கையில் ஒன்றும் இருக்காது. புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வராதீர்கள், வழக்குப் பதிந்த எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். ‘அது எங்க எல்லை இல்லை’ என்று சொன்னாலும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். அந்த நகலோடு லைசன்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

இந்த ஞாயிறு போகும்போது செயலாளரிடம் மூன்று விஷயம் கேட்டு ஒரு வெள்ளைத்தாள் மனு கொடுங்கள்: லேனுக்கு ஒரு வளையம், வாசலில் ஒரு நோட்டு, டார்கெட் மாற்றும்போது பின்னால் நிற்க ஒரு ஆள். உங்கள் ஒருவர் கையெழுத்து போதாது, பக்கத்து லேன்காரர்கள் நாலு பேரிடமும் வாங்குங்கள். அந்த மனிதர் பெட்டியைத் திறந்ததை நடந்தது நடந்தபடி தேதி போட்டு அதில் எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.